ஆக்கியவர் பெயர்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. வேறு காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: 'இசக்கிச்செல்வி தலைக்கனம் பிடித்தவள்.' அடித்துவிட்டேன், அவள் அப்படியில்லை. அடுத்தது: 'அவளுக்கு மூளை உண்டு, ஆனால்' (ஆனாலுக்குப் பிறகு எதுவும் கிடைக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2

1999. கோவில்பட்டியில் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி மாடியறையில் நடத்திய கம்ப்யூட்டர் ஆபீஸில் நானும் இசக்கிச்செல்வியும் புரோகிராமர்கள். வக்கீல் பழைய தீர்ப்பைத் தேடி எடுப்பாரே, அதுபோலப் பழைய மென்பொருள் வடிவமைப்புகளைச் சேர்த்து வைத்து, புது வேலை வந்ததும் அதற்கு நெருக்கமானதைத் தேடித் தரும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். எடுத்ததைக் கொஞ்சம் திருத்தினால் வேலை முடிந்தது. எழுதியது நான். இதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றிலிருந்து வேலை வந்தது. இருப்பது ஒரே வண்டி. ஊர் ஊராக, கூலிக்குக் குச்சி அடுக்கித் தரும் வீடுகளுக்குக் குச்சி கொண்டுபோக வேண்டும். எந்த ஊருக்கு என்றைக்கு? என் புரோகிராம் வார்த்தைகளை ஒப்பிட்டு, நான் செய்திருந்த பஸ் அட்டவணையை நீட்டியது. மூன்று நாள் திருத்தியும் அது பொருந்தவில்லை.

செல்வி எட்டயபுரம் பக்கம் ஆட்டுக்காரர் வீட்டுப் பெண். அப்பாவின் ஆடுகள் எந்தப் புஞ்சையில் எத்தனை நாள் எருவுக்காக இராத் தங்கிக் கிடை அமர வேண்டும் என்று விளையாட்டாக ஒரு டிசைன் செய்து சேர்த்திருந்தாள். என் புரோகிராம் அதற்குக் கொடுத்த பொருத்தம் பூஜ்யம். ஒரு வார்த்தைகூட ஒத்துப்போகவில்லையே.

"ஆடு போனா என்ன, வண்டி போனா என்னண்ணே? ஒரு எடத்துல ரெண்டு நாளு, பெறவு அடுத்த எடம். விட்டுப்போன எடத்துக்காரன் சண்டைக்கு வருவான். ரெண்டும் ஒண்ணுதான்."

அந்தக் கிடை டிசைனையே வண்டிக்குத் திருத்தி அரை நாளில் முடித்தாள். பிள்ளை ஆட்டைத் தூக்கி மாட்டில் போடுகிறாள் என்று அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று மத்தியானம் என் புரோகிராமைத் திறந்து அந்தப் பூஜ்யத்தை மறுபடி சரிபார்த்தேன்.

3

சென்னைக் கம்பெனி ஒன்று அந்த வண்டி டிசைனைக் கேள்விப்பட்டு, செய்தவரை வேலைக்கு அழைத்துக்கொள்வதாக எழுதியது. ஒவ்வொரு டிசைனுக்கும் 'ஆக்கியவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பழையதைத் திருத்திப் புதிதாகச் சேர்க்கும்போது அந்தக் கட்டம் காலியாகத்தான் வரும். சேர்ப்பவர் நிரப்ப வேண்டும். (அந்த விதியை வைத்தவனும் நான்தான்.) செல்வி வண்டி டிசைனின் கட்டத்தை நிரப்பாமலே அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள். நான் நிரப்பினேன்.

செண்பகராஜ். என் பெயர்.

திரும்பி வந்தவள் திரையில் அந்தப் பெயரைப் பார்த்தாள்.

"கிடையில யாரு ஆடுன்னு புஞ்சைக்காரவிய கேக்க மாட்டாவண்ணே. எரு விழுந்துச்சான்னுதான் பாப்பாவ. மெட்ராஸுக்குப் போயிட்டு வாங்க."

திட்டியிருக்கலாம். அதிலும் என்னை ஜெயித்துவிட்டாள்.

4

முடிவு ஒன்று: அவள் என்னைவிடப் பெரிய ஆளாகிறாள். எழுதினேன், பொறுக்க முடியாமல் கிழித்தேன். முடிவு இரண்டு: நான் மன்னிப்புக் கேட்கிறேன். பொய். இன்றுவரை கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆட்டை எடுத்து வண்டியாக்கினாள் அவள். அந்த வண்டியை எடுத்துக் கதையாக்கியிருக்கிறேன் நான். கதையிலேயே நல்ல வரிகள் இரண்டும் அவள் பேசியவை.

இந்தக் கதையையும் அந்தப் பழைய டிசைன்களோடு சேர்த்து வைக்க வேண்டும். கட்டம் காலியாக வந்து நிற்கிறது. நான் தொட்டால் என் கை என்ன எழுதும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் நிரப்புங்கள்.

ஆக்கியவர்: ____________