பதினான்கு கணினிகளும் ஒரு நிச்சயதார்த்தமும்

2010 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீமுஷ்ணத்தில் தேவநாதனுக்கு நிச்சயதார்த்தம். அதே நாள் காலை பத்து மணிக்கு, அவன் வேலை பார்த்த சிதம்பரம் பயிற்சி மையத்தில் பதினான்கு கணினிகளில் மாதிரித் தேர்வு. தேர்வை வேறொரு நாளுக்கு மாற்ற முடியவில்லை, முகூர்த்தத்தையும்தான்.

"நீங்க கெளம்புங்கண்ணா. பதினாலையும் நான் இங்கேருந்தே ஓட்டிக்கிறேன்" என்று கடலூர் கிளையிலிருந்த வினோதினி முதல் நாளே சொல்லியிருந்தாள். அவன் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தான். மையத்தைத் திறந்து கணினிகளைப் போட்டுவிட்டு, அங்கே உதவியாளராக இருந்த ஆரோக்கியம்மாள் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

எட்டரைக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் வினோதினி ஒத்திகை பார்த்தாள். தேர்வைத் தொடங்கும் கட்டளையைப் பதினான்கு கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதினான்கும் பதில் சொல்லின.

அவள் இணையம் வழியாகக் கடவுச்சொல் போட்டு முதல் கணினிக்குள் தானே நுழைந்து அதே கட்டளையைத் தட்டினாள். உடனே ஓடியது. ஒவ்வொன்றாக நுழைந்து தொடங்கலாம்தான். ஆனால் முதல் மாணவருக்கும் கடைசி மாணவருக்கும் பத்து நிமிடம் வித்தியாசம் வந்துவிடும். தேவநாதன் அங்கே இருந்தால் கடைசியில் நேரம் கூட்டிக் கொடுத்துச் சமாளிப்பான்.

நிலவரம் கேட்க அவனே போன் செய்தான். மறைக்க மனம் வராமல் சொல்லிவிட்டாள். வழியில் காட்டுமன்னார்கோயிலில் இறங்கித் திரும்பிவிடுவதாகச் சொன்னான்.

"எறங்கிடாதீங்கண்ணா. அங்க பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க. எனக்கு அரை மணி நேரம் குடுங்க."

உள்ளே நுழைந்து தட்டினால் ஓடுகிறது, வெளியிலிருந்து அனுப்பினால் ஓடவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நிரலை எந்தெந்த இடத்தில் தேடலாம் என்று கணினி வைத்திருக்கும் பட்டியலை இரண்டு விதமாகவும் கேட்டு வாங்கி, ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். உள்ளே நுழைந்தபோது வந்த பட்டியல் நீளமாக இருந்தது. வெளியிலிருந்து கேட்டபோது வந்ததோ பாதிகூட இல்லை. தேர்வு நிரல் இருக்கும் இடமே அதில் காணோம்.

அப்போதுதான் புரிந்தது. ஆள் உள்ளே நுழைந்தால் மட்டுமே, பட்டியலில் மீதி இடங்களைச் சேர்க்கும் தன் அமைப்புக் கோப்பைக் கணினி படிக்கிறது. வெறும் கட்டளை வந்தால் அந்தக் கோப்பைத் தொடுவதே இல்லை. முதலில் அந்தக் கோப்பைப் படி, பிறகு தேர்வைத் தொடங்கு என்று இரண்டையும் ஒரே வரியாகச் சேர்த்து எழுதிப் பதினான்குக்கும் அனுப்பினாள்.

ஆரோக்கியம்மாளுக்கு போன் போட்டாள்.

"எல்லாத்துலயும் கேள்வி வந்திருக்கும்மா. ஒண்ணுகூட பாக்கியில்ல."

வினோதினி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒத்திகையை நிறுத்திவிட்டு, 'பஸ்ஸிலேயே இருங்க' என்று தேவநாதனுக்குச் செய்தி அனுப்பினாள். பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது; பதினொன்றரைக்கு முடிந்தது.

பன்னிரண்டரைக்கு அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது மணப்பெண் எழிலரசி.

"தட்டு மாத்தியாச்சுங்க. நல்லபடியா முடிஞ்சுது. வந்ததுலேருந்து எங்க மாமா, சித்தப்பா எல்லாத்தையும் உக்கார வெச்சு உங்க ஒரு வரியத்தான் வெளக்கிக்கிட்டிருக்காரு."

"அவுங்களுக்குப் புரிஞ்சுதா?" என்றாள் வினோதினி.

"அவுங்களுக்குப் புரிஞ்சுதான்னு தெரியல. எனக்குப் புரிஞ்சுது" என்று சிரித்தாள் எழிலரசி. "கல்யாணத்துக்கு முன்னாடி நாளே வந்துடுங்க."