பச்சையா, கருப்பா?

ஆடிட்டருக்கு மனிதர்களை நம்பிப் பழக்கமில்லை. வேலையில் இருந்தவரை அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடியே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு கணக்குக்கு எங்கே போவது? காய்கறிக் கடைக்காரரின் தராசு, எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டி என்று கிடைத்ததையெல்லாம் சந்தேகப்பட்டுப் பொழுதைப் போக்கினார். ஆகவே அன்று காலை கார் கிளம்பவில்லை என்றதும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும்தான். போன வாரம் பம்பர் நசுங்கலை எடுக்க வண்டி இரண்டு நாள் பட்டறையில் நின்றது. போதாதா?

"மாத்திட்டான்! என் பேட்டரியைக் கழட்டிட்டு எவனோ தூக்கிப் போட்டதை மாட்டிட்டான். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல."

"பம்பர் ஏன் நசுங்குச்சுன்னு மட்டும் யோசிக்கவே மாட்டீங்களேப்பா," என்றாள் மகள். "கண் டாக்டரைப் பார்க்கற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"என் கண்ணுக்கு என்ன கேடு? தூணை அங்க வச்சவன்தான் குருடன்."

யாரையும் எதிர்பார்க்காமல் தானே ஓட்டிக்கொண்டு போய்வருவது ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்த கெத்து. டாக்டரிடம் போனால் அதுவும் போய்விடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை வெளியில் காட்டாமல் இருக்கத்தான் இத்தனை சத்தமும்.

அதே பட்டறையிலிருந்து மெக்கானிக் வந்தான். பானெட்டைத் தூக்கி, மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"பேட்டரி நல்லா இருக்கு சார். ஒயர் மாட்டற டெர்மினல்ல உப்பு பூத்துப்போய் கரண்ட் போகல. சுரண்டி இறுக்கிட்டா கிளம்பிடும்."

"உன் மீட்டர் உனக்குச் சாதகமாத்தானே பேசும்?"

மெக்கானிக்குக் கோபம் வந்தது, அடக்கிக்கொண்டான். "மீட்டரை விடுங்க. பேட்டரி மேலேயே சின்னதா ஒரு கண்ணாடி வட்டம் இருக்கு பாருங்க. பச்சையா தெரிஞ்சா சார்ஜ் இருக்கு, கருப்பா தெரிஞ்சா இல்ல. நீங்களே பாருங்களேன்."

ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வெயில் நேராக இன்ஜின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வட்டம் கன்னங்கரேல் என்று இருந்தது.

"கருப்பு!" என்று துள்ளினார். "யார் காதுல பூ சுத்தற?"

மகள் வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"பச்சையா இருக்குப்பா."

அவருக்கு உடனே கணக்கு விளங்கிவிட்டது. செத்த பேட்டரியை நல்லதென்று சாதித்தால் வண்டி முடங்கும், சாவி கைமாறும். இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள். பெற்ற மகளே இப்படி என்று நெஞ்சு பொருமியது. கூட்டில் சேராத மூன்றாம் ஆள் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர்தான் எதிரே வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டுக்காரருக்கும் இவருக்கும் குடிவந்த நாளிலிருந்தே எலியும் பூனையும்தான். மழை பெய்கிறது என்று இவர் சொன்னால் வெறும் தூறல் என்பார் அவர். யார் சொல்லிக் கொடுத்தும் கேட்கிற ஆளில்லை. முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்வதில் அவருக்குத் தனி சுகம்.

"சார், கொஞ்சம் வாங்க. இது பச்சையா, கருப்பா? எனக்குக் கருப்பாத்தான் தெரியுது, இவங்க ரெண்டு பேரும் பச்சைங்கறாங்க."

அவர் துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஆடிட்டரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கருப்புதான் சார்," என்றார் மெதுவாக. "நீங்க சொல்றதுதான் சரி."

ஜெயித்தாயிற்று. மகளைப் பார்த்துக் கத்துவதற்கு ஆடிட்டர் வாயைத் திறந்தார். அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் இதுநாள்வரை ஒரு தடவையாவது 'நீங்க சொல்றதுதான் சரி' என்று சொன்னதுண்டா? அதுவும் இப்படி, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று பேசுகிற குரலில்?

இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். வட்டம் கருப்பாகவே இருந்தது.

"பொய் சொல்லாதீங்க சார்," என்றார். "எப்பவும் போல என்னை எதிர்த்துச் சொல்லுங்க."

எதிர்வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"பச்சை சார்," என்றார். "நல்ல பச்சை."

மெக்கானிக் திரும்பிக்கொண்டு டெர்மினலைச் சுரண்ட ஆரம்பித்தான். ஆடிட்டர் சாவியை மகளிடம் நீட்டினார்.

"டாக்டர் இன்னைக்கு இருப்பாரான்னு கேளும்மா."