கண்டல் அழிவுக்கான காரணம்

1.

இந்தக் கதைக்கு மூலம் ஒரு படிவம். 1997ஆம் ஆண்டு, திருகோணமலைக் குடாவைச் சுற்றியுள்ள பிரதேச செயலகம் ஒன்றில் (எது என்று எழுதமாட்டேன்) திட்டமிடல் பிரிவில் நான் இலிகிதனாக இருந்தேன். அந்தப் படிவத்தின் ஐந்தாம் நிரலில் ஒரு பொய்யைக் குறித்தேன். பொய் என்று தெரிந்துதான் குறித்தேன். அதற்கு ஒரு குறிப்பும் எழுதினேன், எழுத்துக்கள் கோட்டை விட்டு இறங்காமல், நல்ல கையெழுத்தில்.

கடிதத்தில் விடயத்தை முதலில் சொல்ல வேண்டும் என்று கிளிவெட்டிப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். சொல்லிவிட்டேன். இனி வாசிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

2.

வரைவு ஒன்று: "கொட்டியாரக் குடாவின் மேல் அந்தி சாய்ந்துகொண்டிருந்த வேளையில், களப்போரத்துக் குடிசை ஒன்றின் முன்னால்"

நிறுத்திவிட்டேன். படிவத்துக்காக நான் அந்தக் கிராமத்துக்குப் போனது காலை பத்தரைக்கு. அங்கே குடிசையும் இல்லை, தகரம் போட்ட கல்வீடு. பொய்யைப் பற்றிய கதையை இன்னொரு பொய்யோடு தொடங்கக் கூடாது.

வரைவு இரண்டு: "யுத்தம் மரங்களையும் விட்டுவைக்கவில்லை."

இது பத்திரிகை வசனம். யுத்தம் வெட்டியது என்று எழுதினால் ஒருவரும் வெட்டவில்லை என்றாகிவிடும். அதையும் விட்டேன்.

வரைவு மூன்று: "அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். சலிப்பான வசனம்தான், ஆனால் நடந்தது அதுதான். அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்குப் பிரதேசங்கள் அனுப்பும் முன்மொழிவுகள் எல்லாவற்றிலும் சுற்றாடலையும் வறுமையையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. அதுவரை எங்கள் அலுவலகத்தில் வீதிக்கு ஒரு கடதாசிக் கோவை, குளத்துக்கு ஒரு கோவை, காட்டுக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. அவை ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. (இதை நீங்கள் நம்பவேண்டும். நம்பாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் வெறும் கெட்டவனின் கதையாகிவிடும், அது எனக்கு வசதியானது.) களப்புச் சேற்றில் நிற்கும் கண்டல் மரங்களின் வேர்களுக்குள் இறால் குஞ்சு வளர்கிறது. வேரடிச் சேற்றில் மட்டி கிடக்கிறது. காய்ந்து விழும் கொப்பு அடுப்புக்கு. கண்டல் போனால் அந்த வீட்டில் முதலில் கறி போகும், பிறகு விறகு, பிறகு பிள்ளையின் பள்ளிக்கூடம். இந்த வரிசை அங்கே எல்லாருக்கும் தெரியும். ஓர் அரசாங்கக் கடதாசி அதை ஒரே வரியில் வைத்ததை நான் அப்போதுதான் கண்டேன்.

படிவமும் கூடவே வந்தது. கிராமம், வளம், பாதிப்பு, பாதிக்கப்பட்ட ஏழைக் குடும்பங்கள், காரணம், கோரப்படும் ஒதுக்கீடு. ஆறு நிரல்கள்.*

* ஐந்தாவதில் மட்டும் எழுத இடமில்லை. ஐந்து பெட்டிகள் அச்சடித்திருந்தார்கள்: புயல், உவர், பூச்சி, விறகு வெட்டு, வேறு. ஒன்றில் புள்ளடி போட வேண்டும்.

3.

ஸுல்பிகா ராத்தாவை முதல் வரைவுகளில் மெலிந்தவராக எழுதியிருந்தேன். கண்கள் குழிவிழுந்து, குரல் தளும்பி. ஏழை விதவை என்றதும் பேனா தானாகவே அப்படிப் போகிறது. அவர் நல்ல பருமன். நாற்பது வயது. கிண்ணியாப் பக்கத்துக் களப்போரத்தில் மட்டி எடுத்து, அவித்து, விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். நான் போன நேரம் உடைந்த படலையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.

"கச்சேரியா, செயலகமா?" என்று கேட்டார். (கச்சேரி என்றால் மாவட்ட அலுவலகம்.)

"செயலகம், ராத்தா."

"அப்ப இருங்க. கச்சேரி எண்டா நிண்டுகிட்டே கதைச்சிட்டுப் போயிருவாங்க."

படிவத்தை விரித்தேன். மட்டி எப்படி என்று கேட்டேன்.

"முந்தி கண்டல் நிழல்ல நிண்டு எடுத்த. இப்ப நிழலும் இல்ல, மட்டியும் இல்ல. நாங்க மட்டும் நிக்கிறம்."

"எப்ப அழிஞ்சது?"

"அழியல்ல தம்பி. வெட்டினது."

"ஆர்?"

அவர் வாயால் சொல்லவில்லை. வீதிமுனையில் ஆமி காவல் நிற்கும் சென்றிப் பக்கம் நாடியை ஒரு தரம் திருப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பார்வை மறைக்குதாம். ரெண்டு நாள் மிசின் ஓடினது. எங்கட கண்டல் அவங்கட கண்ணுக்குள்ள போய் நிண்டிச்சாம்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அத எழுதிராதீங்க. என்ட மகன் பாதைப் படகுக்குப் போறது அந்த வழியாலதான். திருகோணமலைக்குப் போக வேற வழி இல்ல."

"எழுதமாட்டன்."

"மிச்சமா ஒரு துண்டு நிக்குது, வடக்குப் பக்கம். அத வெச்சுத்தான் இருபத்தாறு வீடு. அத மட்டும் எங்களுக்கு விட்டுரச் சொல்லுங்க. கன்று நடத் தந்தா நாங்களே நட்டுக்குவம்."

கேட்டது அவ்வளவுதான். அந்த வடக்குத் துண்டுக்குள் போய்வரும் உரிமையும், கொஞ்சக் கன்றும். இந்தக் கதையில் வேறெதுவும் பணயத்தில் இல்லை. நான் வேறேதாவது சொல்லி உங்களைத் திசைதிருப்பினால் என்னை இந்த வரிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

4.

(இந்தப் பகுதியில் என்னைவிட என் மேலதிகாரியைக் கெட்டவராகக் காட்டலாம் என்று ஒரு சபலம் வந்தது. அவர் கெட்டவர் அல்ல. மத்தியான நேரங்களில் தன் சோற்றுப் பார்சலில் பாதியை எனக்குத் தருபவர்.)

கனகசுந்தரம் சேர் படிவத்தைப் பார்த்தார். ஐந்தாம் நிரல் வெறுமையாக இருந்தது.

"என்ன ஐசே, இதை ஏன் விட்டனீர்?"

"எதைப் போடுறது எண்டு தெரியேல்ல சேர். பூச்சி எண்டு போடுவமோ?"

"பூச்சியெண்டால் கோவை விவசாயத்துக்குப் போயிடும். புயலெண்டால் நிவாரணத்துக்கு. விறகெண்டால்தான் வறுமை. வறுமையெண்டால் எங்கட தலைப்பு, எங்கட ஒதுக்கீடு. சுற்றறிக்கையை வாசிச்சனீர்தானே?"

"வேறு எண்டால்?"

"வேறு எண்டால் அடைப்புக்குள்ள என்னவெண்டு எழுதவேணும். எழுதுவீரோ?"

"இல்லை சேர்."

"அப்ப என்ன கதை. ஆர் வெட்டினதெண்டு எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும், கொழும்புக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயத்துக்கு நிரல் எதுக்கு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் சனத்துக்குத்தானே காசு வரப்போகுது. ஒரு புள்ளடியால ஆருக்கு என்ன குறையப்போகுது?"

போட்டேன். போட்டது மட்டுமல்ல, குறிப்பு என்ற இடத்தில் யாரும் கேட்காமலே ஒரு வசனமும் சேர்த்தேன்: "வறுமை காரணமாக இக்கிராமப் பெண்கள் விறகுத் தேவைக்காகக் கண்டல் மரங்களை வெட்டி வருகின்றனர்." வறுமையும் சுற்றாடலும் ஒரே வசனத்தில். சுற்றறிக்கை கேட்டபடியே. சேர் வாசித்துவிட்டு, "உமக்கு எழுத வரும்" என்றார். அன்றைக்கு முழுவதும் அந்தச் சொல் எனக்கு இனித்தது. (இதை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

5.

கிராமத்தின் சார்பில் ஒருவர் ஒப்பமிட வேண்டும். ஸுல்பிகா ராத்தாவிடம் கொண்டுபோனேன். முதல் நான்கு நிரல்களையும் சத்தமாக வாசித்தேன். ஐந்தாவதையும் குறிப்பையும் விட்டேன். ஆறாவதை இன்னும் சத்தமாக வாசித்தேன். பிறகு மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன், பெருவிரல் அடையாளத்துக்கு.

"பேனையத் தாங்க" என்றார்.

கடதாசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என் கையெழுத்தின் அழகைப் பார்க்கிறார் என்று நான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பிறகு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதித் தந்தார்.

6.

ஒதுக்கீடு வந்தது. எங்கள் பிரதேசத்தின் முன்மொழிவுகளில் அந்த வருடம் முதலில் அனுமதி கிடைத்தது அதற்குத்தான்.

ஏழைகள் வெட்டுவதால் கண்டல் அழிகிறது என்று காரணம் சொன்னால், பரிகாரம் ஏழைகளைத் தடுப்பதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சுற்றறிக்கையும் தேவைப்பட்டிருக்கக் கூடாது. 1998 மாசியில் வடக்குத் துண்டைச் சுற்றி முட்கம்பி வந்தது. பாதுகாக்கப்பட்ட பிரதேசம், உட்பிரவேசிக்கத் தடை என்று மஞ்சள் பலகை வந்தது. வீட்டுக்கு ஐந்து கோழிக் குஞ்சு வந்தது. கன்று வரவில்லை, அது அடுத்த கட்டமாம். சென்றிப் பக்கம் வெட்டிய வெட்டவெளி அப்படியே கிடந்தது, அதைப் பற்றி ஒரு நிரலிலும் எதுவும் இல்லை.

பங்குனியில் ஸுல்பிகா ராத்தாவும் இன்னும் மூன்று பெண்களும் கம்பிக்குள் போய் மட்டி எடுத்தார்கள் என்று காவலுக்கு நின்றவர்கள் பிடித்து, வாளிகளைப் பறித்து, எச்சரித்து விட்டார்கள்.

7.

நான் அலுவலக நேரம் போக மற்ற நேரங்களில் ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். உப்புவெளியில் என் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பாதைப் படகில் களப்பைக் கடந்து, இரண்டு பஸ் ஏறி வந்திருந்தார்.

"வாங்கோ ராத்தா. கதிரையில இருங்கோ."

"மனு ஒண்டு எழுதணும் தம்பி."

"ஆருக்கு?"

"ஆரு மூடினாங்களோ அவங்களுக்கு."

"ஏன் மூடினவை எண்டு ஏதும் சொன்னவையோ?"

(இந்தக் கேள்வியை மூன்று வரைவுகளில் எழுதாமல் விட்டேன். நான் கேட்டது உண்மை. ஒன்றும் தெரியாதவன் போல, பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.)

அவர் என்னைப் பார்த்தார். "தம்பிக்குத் தெரியாதா?"

மேசையிலிருந்த தாளை நேராக்கினேன்.

"கையெழுத்து வெக்கக்குள்ள வாசிச்ச நான். அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சிருக்கன். உங்கட எழுத்து நல்ல தெளிவு."

"வாசிச்சுப்போட்டு ஏன் வைச்சனீங்கள்?"

"நீங்க பயந்தீங்க. நானும் பயந்த. நான்தானே எழுத வேணாம் எண்டும் சொன்ன. பொறகு எந்த வாயால கேக்குற?" முந்தானையைச் சரிசெய்தார். "ஆனா தம்பி, அஞ்சு பெட்டி இருந்திச்சே. பூச்சி எண்டு போட்டிருக்கலாமே. பூச்சி வந்து உங்கட்ட மனு எழுதச் சொல்லிக் கேக்குமா?"

அவர் சிரித்தார். பகிடி நன்றாகத்தான் இருந்தது.

"பூச்சியெண்டால் காசு வராது, ராத்தா."

"வந்த காசுலதானே கம்பி அடிச்சிருக்கு."

உள்ளே என் மனைவி குணேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவும் சத்தம் நின்றுபோனது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆரு வெட்டினது எண்டு இப்பவும் எழுத வேணாம். நாங்க வெட்டல்ல எண்டு மட்டும் எழுதுங்க. அது போதும்" என்றார்.

8.

எழுதத் தொடங்கினேன். முதலாம் பந்தி, மனுதாரர் யார் என்பது. இரண்டாம் பந்தி, இருபத்தாறு குடும்பங்களும் மட்டியும் காய்ந்த கொப்பும். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. மூன்றாம் பந்தியில் நாங்கள் வெட்டவில்லை என்று எழுதியதும், படிவத்தில் வேறுவிதமாக இருக்கிறதே என்று வாசிக்கப்போகிறவர் கேட்பார் என்று தெரிந்தது. அதற்கு விளக்கம் வேண்டும்.

"நாளைக்கு வாங்கோ ராத்தா. மூண்டாம் பந்தியை யோசிச்சு எழுதவேணும்."

அடுத்த நாள் வந்தார். தலையிடி என்றேன். புதன்கிழமையும் வந்தார். பழைய கோவை இலக்கத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். அன்றைக்கு அவர் எழுந்து மேசையிலிருந்த தாளைத் தானே எடுத்து, இரண்டாம் பந்திக்குக் கீழே மடித்துக் கிழித்து, மிச்ச இடத்தில் பெயரை எழுதினார். "இவ்வளவும் உண்மதானே" என்றார். போய்விட்டார்.

இங்கிருந்து இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: இலிகிதன் அவர் பின்னால் ஓடுகிறான். பஸ் தரிப்பிடத்தில் வைத்து மூன்றாம் பந்தியை எழுதுகிறான். வேலை போகிறது. கம்பி அகற்றப்படுகிறது. (ஓடவில்லை. கதிரையைச் சுவரோடு தள்ளி வைத்தேன்.)

முடிவு ஆ: கொழும்பில் இரக்கமுள்ள ஓர் அதிகாரி அந்த இரண்டு பந்திகளையும் வாசித்து, படிவத்தின் பிழையைத் தானே கண்டுபிடித்து (எப்படிக் கண்டுபிடிப்பார்? படிவம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது.)

நடந்தது: ஐந்து மாதம் கழித்து, மனு கவனத்தில் எடுக்கப்பட்டது என்று ஒரு வரிப் பதில். அது எங்கள் அலுவலகத்திலிருந்துதான் போனது. தட்டச்சு செய்தவன் நான். அடுத்த வருடம் ஸுல்பிகா ராத்தா பிள்ளைகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். எங்கள் காலாண்டு அறிக்கையில், கண்டலை நம்பியிருந்த குடும்பங்கள் இருபத்தாறிலிருந்து இருபத்தைந்தாகக் குறைந்தன. முன்னேற்றம் என்ற தலைப்பின் கீழ்.

இப்போது 2001. யுத்தம் முடியவில்லை. வெகுகாலம் நான் சென்றிக்குப் பயந்துதான் அந்தப் பந்தியை எழுதவில்லை என்று சொல்லிவந்தேன். குணேஸ்வரிக்கும் அப்படித்தான் சொன்னேன். "அந்த மனிசி ஆமியை எழுதச் சொல்லிக் கேக்கேல்லையே" என்றாள் அவள். இரவுச் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

உண்மைதான். அந்த வசனத்தை முடிக்க எந்தச் சிப்பாயையும் எழுதத் தேவையில்லை. ஒரேயொரு பெயர் போதும், ஓர் இலிகிதனுடைய பெயர். போனால் அவனுடைய வேலை போயிருக்கும். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

முடிவை உங்களிடம் தந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இந்தக் கதையைத் தொடங்கினேன். தர ஏலாது. மேலதிகாரியின் பெயரைச் சொன்னேன், மனைவியின் பெயரைச் சொன்னேன், ராத்தாவின் பெயரைப் பதினைந்து இடத்தில் எழுதிவிட்டேனோ தெரியாது. உங்களுக்கு வேண்டிய பெயரை இதுவரை எழுதவில்லை. திருப்பி வாசித்துப் பார்த்தேன், எங்கும் இல்லை. எட்டு வரைவுகளிலும் இல்லை.

ஆகவே, நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தியபடியே:

"3. மேற்படி கண்டல் மரங்களை நாங்கள் வெட்டவில்லை. 1997ஆம் ஆண்டுப் படிவத்தின் ஐந்தாம் நிரலில் உள்ள காரணம் பிழையானது. பிழையென்று தெரிந்தும் அதைக் குறித்தவர்