பின்னணியில் ஓடும் சத்தம்

முதலில் எனக்கு அடையாளம் தெரிந்தது தங்கச்சியின் குரல் இல்லை, அப்பாவின் மெஷின்.

வெள்ளிக்கிழமை காலை, மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிர் மேஜையில் ஃப்ரேம் மாட்டுகிற பெண். அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏதோ ஒரு இணையதளத்தில் 'இந்த வாரம் காதில் விழுந்தவை' என்று பட்டியல் வரும். ஏழு பாட்டு. ஏழும் யாருக்கும் தெரியாத புது ஆட்கள் பாடியவை. இண்டி பாப், ட்ரீம் பாப் என்பாள். எனக்குத் தெரிந்து எல்லாம் ஒன்றுதான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், கிதார் தண்ணீரில் ஊறிக் கிடக்கும், பாடுகிறவருக்கு என்னதான் துக்கம் என்று கடைசி வரை பிடிபடாது. அவளோ கண்ணை மூடிக்கொள்வாள். "ஊரே கேக்கறதுக்கு முன்னாடி நாம கேட்டுடணும்க்கா. அதுல ஒரு சுகம்" என்பாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற சுகம் போலிருக்கிறது.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. அடியில் சீரான ஒரு முனகல். நாலு விநாடிக்கு ஒரு தரம் 'புஸ்' என்று மூச்சு விட்டது. என் கை அப்படியே நின்றது. லென்ஸ் ஓரத்தில் சில்லு தெறித்துவிட்டது.

அந்தச் சத்தத்தோடுதான் மூன்று வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். அப்பாவின் நுரையீரல் பாதிகூட வேலை செய்யாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் கட்டில் பக்கத்தில் நிற்கும். அதிலிருந்து அவர் மூக்குக்கு ஒரு குழாய். பகலும் இரவும் ஓடும். அது ஒரு நிமிஷம் நின்றால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன்.

"யாரு பாடறது?" என்று கேட்டேன்.

"ஈரச்சுவர்னு பேராம். புதுசு, இதான் முதல் பாட்டு. 'பாதித் தூக்கம்'." பட்டியலில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். "'பின்னணியில் மூச்சுவிடும் அந்தப் பழைய சின்தசைசர், இந்த வருடம் நம் காதில் விழுந்த மிக மென்மையான ஒலி.' என்னமா எழுதியிருக்கான் பாருங்க." சின்தசைசர் என்றால் கரண்டில் ஓடுகிற கீபோர்டு வாத்தியமாம்.

ஈரச்சுவர். எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவர் நாலு வருஷமாக ஊறிக்கொண்டிருக்கிறது. பெயர் வைப்பதற்குக்கூட வீட்டைவிட்டு வெளியே போகவில்லை, கழுதை.

பாட்டு முடியும் இடத்தில் கிதார், குரல் எல்லாம் அடங்கிவிட்டன. மெஷின் மட்டும் ஓடியது. பிறகு ஒரு இருமல். ஃப்ரேம்காரி மேஜையில் விரலால் தட்டினாள். "இந்த இடத்துல ஒரே ஒரு டிரம் அடி வருது பாருங்க, எனக்குப் புல்லரிக்குது."

எனக்கும் புல்லரித்தது. அது வேறு காரணத்துக்கு.

அந்தப் பாட்டு பதிவான நாள் எனக்குத் தெரியும். ஆறு மாதம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதம் கடையில் ஞாயிறும் வேலை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, ஃபேன் ஓடவில்லை. சின்னவள் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு செல்போனில் பாடிக்கொண்டிருந்தாள். தெருச் சத்தம் விழக்கூடாதாம். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலு நாள் கிடந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தி, சித்தப்பா, நர்ஸ் என்று அத்தனை பேர் எதிரில் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "அப்பன் மூச்சை அடைச்சுட்டு உனக்குப் பாட்டு கேக்குதா? நீயெல்லாம் ஒரு பொண்ணா?" அவள் வாயே திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் பாட்டுக்குத் தடை. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து முணுமுணுப்பாள். சித்தி இன்றுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நானோ என் வேலையில் குறை வைத்தவள் இல்லை. மெஷினின் பக்கவாட்டில் பஞ்சு மாதிரி ஒரு ஃபில்டர் இருக்கும். வாராவாரம் கழற்றிக் கழுவ வேண்டும். அது என் பொறுப்பு. ஃப்ரிட்ஜ் கதவில் மாதத்துக்கு ஒரு தாள் ஒட்டி, ஞாயிறுதோறும் டிக் போடுவேன். பழைய தாளைக் கிழிக்க மாட்டேன், அதன் மேலேயே அடுத்ததை ஒட்டுவேன். வருகிற போகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். ஒரு கட்டம் காலியாக இருக்காது.

பாட்டைக் கேட்ட அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னவள் கூரியர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தேன்.

"உன் சின்தசைசர் பிரமாதம்னு ஊரே பேசுது."

அவள் முகம் முதலில் மலர்ந்தது. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "நீ கேட்டியாக்கா? எப்படி இருந்துச்சு?"

"அப்பா சாகக் கிடந்த சத்தத்தைப் பிடிச்சு வெச்சுப் பேர் வாங்கிட்டே. எப்படி இருக்கணும்?"

"அவங்களா சின்தசைசர்னு நினைச்சுட்டாங்க. நான் சொல்லலை."

"இல்லைன்னும் சொல்லலையே."

அப்பா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். "இறங்கறவங்க இறங்குங்க, ஏர்றவங்க ஏறுங்க. படியில நின்னு மல்லுக்கட்டாதீங்க."

அவர் அந்தப் பாட்டை ஏற்கெனவே கேட்டிருந்தார். என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. போனைக் காதில் வைத்து எனக்கு எதிரிலேயே மறுபடி கேட்டார். கடைசி இருமல் வந்ததும், "இது நான்" என்றார், பத்திரிகையில் போட்டோ வந்தவர் மாதிரி.

அதோடு விடவில்லை சின்னவள். அந்தப் பட்டியல் போடுகிறவர்கள் மாதம் ஒருவரை 'புதுக்குரல்' என்று தேர்ந்தெடுத்துத் தங்கள் ஸ்டூடியோவிலேயே ஒரு முழு ஆல்பம் பதிவு செய்து கொடுப்பார்களாம். இந்த மாதம் அவளைத்தான் நினைத்திருக்கிறார்கள். பத்து நாளில் இரண்டாவது பாட்டு அனுப்ப வேண்டும். ஒரே நிபந்தனை, அந்தச் சத்தம் அதிலும் இருக்க வேண்டும்.

"ஒரு மணி நேரம் போதும்க்கா. ஜன்னலைத் திறந்தே வெச்சுக்கறேன். நீயே பக்கத்துல உக்காந்து பாத்துக்கோ. இதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்."

"முடியாது. அப்பா உனக்கு வாத்தியமா?"

"பாடட்டும் விடும்மா" என்றார் அப்பா. "என் மெஷினுக்கு நேரம் நல்லா இருக்கு. நாம ஏன் குறுக்க நிக்கணும்?"

அவர் சொன்ன பிறகு நான் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்கள் திறந்திருக்க, நான் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்திருக்க, அவள் பாடினாள். பாடிவிட்டுக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி பாடினாள். மெஷினைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள், அடியில் கம்பளம் விரித்தாள். ஏழு தரம்.

"வரலைக்கா. அன்னிக்கு இன்னும் கீழ்க்குரல்ல இருந்துச்சு. கனமா, இழுத்து இழுத்து. இது வெறும் மெஷின் சத்தமா இருக்கு."

"மெஷின் சத்தம் மெஷின் சத்தமாத்தான் இருக்கும்" என்றேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் மெக்கானிக் வந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெஷினைச் சரிபார்க்க வருகிறவர்தான். மூடியைக் கழற்றிப் பார்த்து, "ஃபில்டர் பளிச்சுன்னு இருக்கே. யாரு பாத்துக்கறது?" என்றார்.

"நான்தான்" என்றேன், சின்னவளுக்குக் கேட்கும்படியாக.

சின்னவள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணே, இது இதே மெஷின்தான். இந்தச் சத்தம் மறுபடி வரணும்னா என்ன செய்யணும்?"

அவர் காதில் வைத்துக் கேட்டார். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பு போய்விட்டது. "இது எப்ப எடுத்தது?"

"ஆறு மாசம் முன்னாடி."

"இது ஃபில்டர் அடைச்ச சத்தம்மா. மோட்டார் காத்துக்குத் திண்டாடுது. பழைய மெஷின் இது, எச்சரிக்கை விளக்கு எரியாது. சத்தத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். ரெண்டு மூணு வாரமாவது கழுவாம விட்டிருப்பீங்க. பெரியவருக்குப் போக வேண்டியது பாதிகூடப் போயிருக்காது."

நான் சட்டென்று சொன்னேன், "அன்னிக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. ஃபேனும் நின்னிருந்துச்சு. அதனால இருக்கும்."

"ஒரு மணி நேரம் ஜன்னலைச் சாத்தினா மெஷினுக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் அவர், திருகைத் திருகிக்கொண்டே.

சின்னவள் என்னைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அந்த மாதத்துத் தாள் வரை போனாள். எல்லா ஞாயிறுக்கும் டிக் இருந்தது. என் கையெழுத்து, என் நீல மை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாள்களை விட்டுவிட்டாள்.

அவள் பாடியதற்கு முந்தைய மூன்று ஞாயிறும் நான் கழுவவில்லை. வேலையிலிருந்து வந்தால் கால் இரண்டும் கெஞ்சும். கட்டம் காலியாக இருந்தால் அப்பா கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "நானே கழுவிக்கறேன்" என்று எழுந்துவிடுவார். எழுந்தால் மூச்சு வாங்கும். அதனால் முதலில் டிக்கைப் போட்டுவிடுவோம், காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று போட்டேன். காலையில் மறந்துபோனேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று ஃபில்டரைக் கழற்றினேன். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி இருந்தது. கழுவி மாட்டிவிட்டு, இதனால் இருக்காது, ஜன்னல்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு மாதமாக அதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் போன பிறகு, "திட்டு" என்றேன்.

"என்ன?"

"ஆஸ்பத்திரி வராந்தால உன்னை நான் கேட்டதெல்லாம் இப்ப நீ என்னைக் கேளு. சித்தியையும் கூப்பிட்டு வெச்சுக் கேளு."

"எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சுக்கா. அதுக்கு முன்னாடி அவங்களுக்குப் பதில் போடணும்."

எழுதியதைக் காட்டினாள். 'அந்த வாத்தியத்தில் ஒரு பழுது இருந்தது. சரிசெய்துவிட்டோம். இனி அந்தச் சத்தம் வராது. அது இல்லாமல்தான் என்னால் பாட முடியும்.'

"கொஞ்ச நேரம் ஃபில்டரை..." என்று ஆரம்பித்தேன். எந்த வாயால் அதைச் சொல்ல வந்தேனோ தெரியவில்லை.

"வாயை மூடு" என்றாள். ஆறு மாதத்தில் அவள் என்னைச் சொன்ன ஒரே கடுஞ்சொல் அதுதான்.

மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. அந்த ஒலிதான் பாட்டின் ஆன்மா, அது இல்லாதது வருத்தம், தொடர்பில் இருங்கள். 'புதுக்குரல்' வேறு யாருக்கோ போனது. ஆன்மாவாம். எந்தக் கடன்காரன் எழுதினான் அதை? ஒரு மனுஷனுக்கு மூச்சு முட்டுகிறது, இவர்களுக்கு ஹெட்போனில் மென்மையாக இருக்கிறது.

சாயங்காலம் அவள் வந்து கைகால் கழுவி, சாப்பிட்டு, பாத்திரம் தேய்த்தாள். என்னைத் திட்டவில்லை. இன்றுவரை திட்டவில்லை. ஒரு தட்டையாவது விட்டெறிந்திருந்தால் நான் அன்றைக்கே தூங்கியிருப்பேன். சித்திக்கு மட்டும் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "சரி விடு, உனக்கு எவ்வளவு வேலை" என்றாள் சித்தி. சின்னவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாட்டின் பக்கத்தைத் திறந்தேன். அடியில் இருநூறு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அது எந்த வருஷத்துச் சின்தசைசர் என்று. ஒருவன் தன்னிடம் அதே மாடல் இருக்கிறது என்று படம் வேறு போட்டிருந்தான். தப்பும் தவறுமாகத் தட்டி, நாலு வரி எழுதிப் போட்டேன். பெயர் போடவில்லை.

வெள்ளிக்கிழமை புதுப் பட்டியல் வந்தது. வேறு ஏழு பேர். ஃப்ரேம்காரி முதல் இரண்டைக் கேட்டுவிட்டு, "போன வாரத்து அளவுக்கு இல்லை" என்று 'பாதித் தூக்க'த்தையே திரும்பப் போட்டாள்.

"அக்கா, இதைக் கேளுங்க. பாட்டுக்குக் கீழ யாரோ எழுதியிருக்காங்க. 'அது சின்தசைசர் இல்லை. என் அப்பாவுக்கு மூச்சு கொடுக்கும் மெஷின். அதன் ஃபில்டரை மூன்று வாரம் நான் கழுவவில்லை. நீங்கள் ரசிப்பது அவருக்குக் காற்று போதாமல் போன சத்தம்.'" அவள் நிமிர்ந்தாள், கண் கலங்கியிருந்தது. "என்ன ஒரு கவிதை பாருங்க. நானூறு பேர் இதயம் போட்டிருக்காங்க. நானும் போட்டுட்டேன்."

"கவிதை இல்லை அது."

"பின்ன?"

"ஃபில்டர். பஞ்சு மாதிரி இருக்கும், உள்ளங்கை அகலம். சோப்புத் தண்ணியில கழுவி, நிழல்ல உலர்த்தி, திரும்ப மாட்டணும். பத்து நிமிஷ வேலை. நான் செய்யலை. பழியைத் தூக்கித் தங்கச்சி மேல போட்டேன்."

அவள் கையிலிருந்த ஃப்ரேமை மேஜையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். பிறகு பாட்டை நிறுத்தக் கை நீட்டினாள்.

"விடு" என்றேன். "முடியற இடத்துல எங்கப்பா இருமுவார்."

தேய்க்கிற மெஷினை அணைத்துவிட்டு நின்றேன். கிதார் அடங்கியது. குரல் அடங்கியது. அப்பா இருமினார்.