சூரியனுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டை

தையல்காரி அன்று காலையிலிருந்தே கடை வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதலை கிடைக்கப்போகிறது என்று ஊரெல்லாம் காதோடு காதாகப் பேச்சு. ஆனால் தெருவில் இன்னும் பழைய அரசின் சிப்பாய்கள்தான். அவள் கணவன் ஓவிய வாத்தியார். புது நாட்டுக்குக் கொடி வரைந்து கொடுத்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். நீலத் துணி, நடுவில் சிவப்புச் சூரியன். தைக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஒத்தாசைக்கு நாத்தனார்.

சூரியனை வைத்துத் தைத்து முடிக்கிற சமயத்தில் சிப்பாய் ஒருவன் கடைக்குள் நுழைந்தான். தோள்பட்டையில் சட்டை கிழிந்திருந்தது. உடனே தைத்துத் தரச் சொன்னவன், மெஷின்மேல் கிடந்த துணியைப் பார்த்துவிட்டான்.

"இது என்ன?"

நாத்தனார்தான் முந்திக்கொண்டாள். "திரைச்சீலைங்க. டாக்டர் வீட்டு ஜன்னலுக்கு."

"ஜன்னலுக்கு ரெண்டா பிரிச்சுத்தானே போடுவாங்க?"

சந்தேகப்பட்டுக் கேட்டானா, சும்மா கேட்டானா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இனிமேதான் வெட்டணும்," என்றாள் தையல்காரி. வேறு யாரோ பேசியது போலிருந்தது.

"வெட்டுங்க, பாக்கலாம்."

கத்தரிக்கோலை எடுத்தாள். நீலம் சுலபமாகப் பிளந்தது. சூரியனுக்கு வந்ததும் இரட்டைத் துணியில் கத்தரி சிக்கிக்கொண்டது. நிறுத்தினால் தொலைந்தோம் என்று பல்லைக் கடித்து வெட்டி முடித்தாள். நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிப்பாய் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அதைத் தைப்பதற்குள் ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது.

அவன் தெருமுனை தாண்டியதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் அழுகை வந்தது.

சிவப்புத் துணி ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. வேறு துணிக்கு எங்கே போவது? இரண்டு பாதியையும் ஒட்டுப்போட்டார்கள். தையல், ஆறிய புண்ணின் வடுப்போலத் தெரிந்ததால், நாத்தனார் அதன்மேல் வெள்ளைப் பட்டை ஒன்றை வைத்து மறைத்தாள். கணவனுக்கு ஆள் மூலம் சேதி போனது. அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்தது. கொடியைத் தேர்ந்தெடுத்த பெரியவர்கள், வெள்ளைக்கோடு அமைதியைக் குறிக்கிறது என்று தாங்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

விடுதலை கிடைத்துக் கொடி ஏற்றுகிற அன்று மைதானம் கொள்ளாத கூட்டம். தையல்காரி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

"சிப்பாய்ங்கல்லாம் போயிட்டாங்க அண்ணி. மேல பாருங்க," என்றாள் நாத்தனார்.

பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் கொடியைப் பார்த்தாள்.