பெயர் சொல்லாத சோதனை

அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிற இடம் உலகத்தில் உண்டு என்றால் பேகாயிமின் மாமியார் நம்பமாட்டாள். "அதை நாங்க காலங்காலமா சும்மாவே செய்றோமே" என்பாள். ஆனால் பேகாயிம் அந்த வேலையைத்தான் பார்த்தாள். பிஷ்கெக் நகரத்தில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். தலைமைப் பொறியாளன் தீலெக் எழுதுவான். இவள் அதை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று பார்ப்பாள். தீலெக் இவளைவிட இளையவன். அதனால் எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடுவான். சண்டை போடும்போதும் அப்படித்தான் கூப்பிடுவான்.

அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் கையில் இருந்தது காராகுஷ் கணவாயின் சாலைத் தகவல் இணையதளம். மலைமேல் குடிலில் இருக்கும் காவலர்கள் பாதை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அதில் போடுவார்கள். பனியளவுக் கருவிகள் தாமாகவே அளவு அனுப்பும்; ஆட்களைப் போல அவற்றுக்கும் தளத்தில் ஒரு கணக்கு உண்டு. ஓட்டுநர்கள் அதைப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்கள். ஆளின் சொந்தக் கடவுச்சொல்லைக் கண்ட கருவிக்கெல்லாம் கொடுக்க முடியுமா? போனுக்கு ஒன்று, குடிலின் கணினிக்கு ஒன்று என்று தனித்தனிக் கடவுச்சொல் உண்டு. உருவாக்கும்போது ஒரே ஒரு தடவை கண்ணில் காட்டும். அப்புறம் அந்த ஆண்டவனே கேட்டாலும் காட்டாது. தொலைந்தால் ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்று போட வேண்டியதுதான்.

இந்தப் போடுவது, பட்டியல் பார்ப்பது, ரத்து செய்வது எல்லாவற்றையும் கருப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளையாகத் தட்டும்படி தீலெக் எழுதியிருந்தான். பேகாயிம் அதற்குச் சோதனை எழுத வேண்டும். தளத்தின் நகல் ஒன்றைச் செய்து கொடுத்து, "காவலர்கள்ல யாரு நிறைய கருவி வச்சிருக்காரோ அவரை வச்சு டெஸ்ட் பண்ணுங்க எஜே" என்றான்.

நிறையக் கருவி வைத்திருந்தவர் அவளுடைய மாமனார்.

அவர் பெயர் மம்பெதாலி. நமக்கென்ன, தாராளமாகச் சொல்லலாம்; நாம் அந்த வீட்டு மருமகள் இல்லையே! மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது; அவரை அத்தா, அதாவது அப்பா, என்றும் மாமியாரை அபா, அதாவது அம்மா, என்றும்தான் கூப்பிட வேண்டும். அதே பெயர் கடைக்காரனுக்கு இருந்தாலும் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். நகரத்தில் பாதிப் பெண்கள் இதையெல்லாம் விட்டாயிற்று. பேகாயிம் விடவில்லை. பயம் என்றும் சொல்ல முடியாது. கல்யாணமான நாள் முதல் நாக்கு அப்படிப் பழகிவிட்டது, நாக்கைப் பார்த்து விரலும் பழகிவிட்டது. கட்டளையில் ஆளைப் பெயராலும் குறிக்கலாம், வரிசை எண்ணாலும் குறிக்கலாம் என்று தீலெக் வைத்திருந்தான். நகலில் மாமனாரின் எண் ஏழு. அப்பாடா என்று எல்லா வரியிலும் ஏழு என்றே எழுதினாள்.

"என்ன எஜே, எங்க பார்த்தாலும் ஏழு? அவருக்குப் பேரே வைக்கலையா?"

"வச்சிருக்காங்க. நீயே சொல்லிக்கோ."

"நான் உங்க வீட்டு மருமகனா இருந்தா என்ன பண்ணுவேனோ!"

"முதல்ல எங்க வீட்ல பொண்ணு இருக்கணும். சோதனையைப் பாரு."

சோதனை எல்லாம் தேறியது. ஒன்றை ரத்து செய்தால் மற்றவை அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் ரத்து செய்தால் பட்டியல் காலி. இல்லாத ஆளின் எண்ணைக் கொடுத்தால் மரியாதையாக மறுத்தது. பேகாயிம் நன்றாகத்தான் செய்தாள், அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் பெயரை வைத்து ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த வாரம் மாமனார் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நகரத்துக்கு வந்திருந்தார், மாமியாரும் கூடவே வந்திருந்தாள். பெரியவர்கள் வந்திருக்கும்போது மருமகள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஒரு கண் திரையில், ஒரு கண் தேநீர்க் கெண்டியில்.

மத்தியானம் இருவரும் திரும்பி வந்தார்கள். மாமனார் கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. மாமியார் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"பல்லும் போச்சு, போனும் போச்சு! வேன்ல அந்த நெரிசல்ல எவனோ உருவிட்டான். நான் அப்பவே சொன்னேன், சட்டை உள்பையில வைங்கன்னு. கேட்டாத்தானே!"

பேகாயிம் கெண்டியைக் கீழே வைத்தாள். "அபா, அந்தப் போனுக்குப் பூட்டு போட்டிருக்கா?"

மாமனார் தலையை ஆட்டினார். இல்லை. மலைமேல் கையுறையோடு பூட்டைத் திறக்க முடியாது என்று எடுத்துவிட்டார் என்றாள் மாமியார். போனைத் தொட்டதும் திறக்கும்; சாலைச் செயலியில் 'திறப்பு', 'மூடல்' என்று இரண்டு பெரிய பொத்தான்கள். எதை அமுக்கினாலும் அவர் பெயரில் தளத்தில் ஏறிவிடும்.

இருபது வருடமாக அந்த மலையில் அவர் திறப்பு என்றால் திறப்பு, மூடல் என்றால் மூடல். அவர் பேச்சை நம்பி மனிதர்கள் பிள்ளைகுட்டிகளோடு பனிக்குள் வண்டியை விடுகிறார்கள். அந்தப் பேச்சு இப்போது எவனோ ஒரு திருடன் பையில் கிடந்தது. அன்று காலையிலிருந்து பனிச்சரிவு பயத்தில் கணவாய் வேறு மூடியிருந்தது.

பேகாயிம் தீலெக்கைப் போனில் பிடித்தாள். "அவரோட எல்லாக் கடவுச்சொல்லையும் ரத்து பண்ணணும். உடனே."

"நம்ம புதுக் கட்டளை தயாரா இருக்கே. லைவ்லயே போட்டுடலாம். நீங்க படிங்க, நான் தட்டுறேன்."

இது அந்த நிறுவனத்தின் விதி. நிஜத் தளத்தில் யாரும் தனியாகக் கை வைக்கக்கூடாது. ஒருவர் கட்டளையை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் தட்ட வேண்டும். முன்பு ஒருவன் தனியாகத் தட்டி ஒரு செருப்புக் கடையின் தளத்தையே துடைத்துப் போட்டதிலிருந்து வந்த ஏற்பாடு.

பேகாயிம் தன் சோதனைத் தாளைப் பார்த்து வரியைப் படித்தாள். ஆளைச் சொல்ல வேண்டிய இடத்தில், "ஏழு" என்றாள்.

"ஏழு. எல்லாம் ரத்து. ஆச்சு எஜே."

"பட்டியல் பாரு. ஏழு."

"ஏழு... காலி."

அவள் மூச்சு விட்டாள். "முடிஞ்சுது அத்தா, இனி அந்தப் போன் வெறும் டப்பா" என்று மாமனாரிடம் சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாள்.

ஊற்றிக்கூட முடிக்கவில்லை, மாமியாரின் போன் அலறியது. மலைக்குடிலில் மாமனாருக்கு உதவியாக இருக்கும் எர்கின். பேச்சு அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா! அண்ணன் அங்க பல்லு பிடுங்கப் போனாரா, பாதை திறக்கப் போனாரா? அவர் பேர்ல திறப்புன்னு வந்திருக்கு! இங்க பனியளவு எல்லாம் நின்னுபோச்சு, ஒரு கருவிகூடப் பேசல. கீழ தடுப்புக்கட்டைக்காரன் போனை எடுக்க மாட்டேங்கறான், ஓட்டுநருங்க மொய்க்கிறாங்க போல. ஒரு வேன் உள்ள நுழைஞ்சாச்சு. நான் டிராக்டரை எடுத்துட்டு இறங்குறேன். நீங்க முதல்ல அந்த எழவை மூடுங்க!"

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். என்னவோ சொன்னார், பஞ்சுக்குள் "ம்ம்" என்று மட்டும் வந்தது.

பேகாயிம் தீலெக்கிடம் கத்தினாள். அவன் பக்கத்தில் விசைப்பலகை படபடத்தது. "மூடல்னு மாத்திட்டேன். ஐயோ, மறுபடி திறப்பு! யாரோ அமுக்கி விளையாடுறாங்க எஜே. ரத்து ஆகவே இல்ல. அப்ப நாம எதை ரத்து பண்ணோம்? இருங்க, இங்க ஏழு யாரு?" மறுபடி விசைகள் தட்டும் சத்தம். "பனியளவுக் கருவிகளோட கணக்கு. நகல் பண்றப்ப வரிசை எண்ணெல்லாம் மாறியிருக்கு."

பேகாயிம் சோதனைத் தாளைப் பார்த்தாள். நகலின் ஏழு வேறு, நிஜத்தின் ஏழு வேறு. சரிபார்த்ததும் அதே எண்ணை வைத்து; அது காலி என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்? மாமனாரின் பேச்சைத் திருடனிடமே விட்டுவிட்டு, மலையின் கண்ணைக் குத்தியாயிற்று.

"பேரைச் சொல்லுங்க எஜே! இங்க காவலர்கள் பட்டியல் முழ நீளத்துக்கு இருக்கு; திறப்பு யார் பேர்ல வருதுன்னு குடில் திரையிலதான் தெரியும், என்னோடதுல இல்ல. உங்க மாமனார் யாரு?"

"அவர்தான்... நம்ம அத்தா..."

"எங்க அத்தா ஆடு மேய்க்கிறார்! பேரு!"

"செய்தியில எழுதி அனுப்புறேன்..."

"மறுபடியும் திறப்பு போட்டுட்டாங்க! நகலைத் திறந்து தேட நேரமில்ல, சொல்லுங்க!"

பேகாயிம் மாமனாரைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் விரித்து, "ம்ம்பெ, ம்ம்பெ" என்றார். பஞ்சைப் பிடுங்கப் போனார், ரத்தம் வழிந்தது. மாமியாரைப் பார்த்தாள். மாமியார் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். புருஷன் பெயரை அவளும் இந்நாள்வரை சொன்னதில்லை. சொல்லத் தெரிந்தவருக்கு வாய் இல்லை. வாய் இருந்த இருவருக்கும் வழி இல்லை.

மலையில் ஒரு வேன் ஏறிக்கொண்டிருந்தது.

"மம்பெதாலி!" என்று பேகாயிம் கத்தினாள். "மம்பெதாலி! மம்பெதாலி!"

ஒரு தடவை போதும். பதற்றத்தில் மூன்று தடவை வந்துவிட்டது. சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மம்பெதாலி" என்று தீலெக் திருப்பிச் சொன்னான், தட்டினான். "எல்லாம் ரத்து. மூடல் போட்டுட்டேன். மாறல... இன்னும் மாறல. நின்னுடுச்சு எஜே!"

பிறகு காத்திருந்தார்கள். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேசைமேல் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி அப்படியே ஆறிக் கிடந்தது. மாமனார் சன்னலோரம் நின்று மலை இருக்கும் திசையையே பார்த்தார், அங்கிருந்து மலை தெரியாது என்றாலும். ஒருவழியாக எர்கின் கூப்பிட்டான். வேனை முதல் வளைவிலேயே மறித்துத் திருப்பிவிட்டானாம். தடுப்புக்கட்டையும் இறங்கிவிட்டது. "டிரைவர் என்னைப் போட்டுக் கிழிக்கிறான். கிழிக்கட்டும், உயிரோட இருந்து கிழிக்கிறானே!"

பேகாயிமின் கண்ணில் அப்போதுதான் நீர் வந்தது. "தப்பு என்னோடது, தீலெக்" என்றாள். "பேரை வச்சு நான் ஒரு தடவைகூடச் சோதிக்கல."

"எண்ணு நகல்ல மாறும்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல. ரெண்டு பேருமே மண்டுதான், விடுங்க. கருவிக்கெல்லாம் புதுக் கடவுச்சொல் போட்டு, மலையேறிக் கையாலதான் பதியணும், அது பெரிய வேலை. அதுக்கு முன்னாடி இது நிஜமாவே காலியான்னு பார்த்துடலாம். பேரோட மறுபடி படிங்க எஜே."

பேகாயிமுக்கு நாக்கு எழவில்லை. அவசரத்தில் கத்தியது வேறு. இப்போது அமைதியான அறையில், பெரியவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, எப்படிச் சொல்வாள்? போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

மாமியார் வந்து போனை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"தம்பி, நான் அவளோட மாமியார் பேசுறேன். எழுதிக்கோ." தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "மம்பெதாலி. என் வீட்டுக்காரர். அவர் பேர்ல எதாவது மிச்சம் மீதி இருக்கா பாரு."

"மம்பெதாலி... ஒண்ணுமில்ல அபா. சுத்தமா காலி."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்துட்டேன் அபா."

"சரி, வை."

மாமனார் சன்னலிலிருந்து திரும்பி வந்தார். பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வீங்கிய வாயால் ஒவ்வொரு எழுத்தாக, "இன்னொரு தடவை சொல்லேன்" என்றார்.

"போங்க" என்றாள் மாமியார், சிவந்த முகத்தைத் தேநீர்க் கெண்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு. "அதான் டெஸ்ட் முடிஞ்சுபோச்சே."