அண்டாவின் எடை

தராசுக்கு முன்னால் வரிசை நின்றது. சிமெண்ட் மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு. சுரங்கத்து ஆட்கள் ஊருக்குப் போகும் நாளில் மட்டும் அதைத் தூசி தட்டி ஓடுபாதையின் ஓரத்துக்குத் தூக்கி வருவார்கள். ஆளும் பையும் சேர்ந்து ஏற வேண்டும். முள் ஆடி அடங்கும்வரை அசையக்கூடாது. பை கனத்துவிடுமென்று பயந்து எல்லோரும் சட்டைக்கு மேல் சட்டையாக மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆளையும் சேர்த்துத்தான் நிறுக்கிறார்கள் என்பது ஒவ்வொரு தடவையும் தராசில் ஏறிய பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

"என்னய்யா, போன தடவைக்கு இப்ப ரெண்டு ஆளா ஆயிட்டே?" என்றார் தராசுக்காரர்.

"ஒரு ஆளுதாண்ணே. உள்ள ஏழு சட்டை."

கம்பெனி வாடகைக்குப் பிடித்திருந்த சார்ட்டர் விமானம் சற்றுத் தள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. எத்தனை நாட்டு வானத்தில் பறந்து களைத்து இங்கே வந்து சேர்ந்ததோ, உட்காரும் சீட்டுகளில் ஒன்றுக்கொன்று நிறம் ஒட்டாது. மழையில் பறந்தால் உள்ளே குடை பிடிக்கலாம். கதவைச் சாத்த உள்ளேயிருந்து மூன்று பேர் இழுக்க வேண்டும், வெளியேயிருந்து ஒருவன் உதைக்க வேண்டும். உதைப்பதற்கென்றே கதவில் ஓர் இடம் பள்ளமாகிக் கிடந்தது. புறப்படுமுன் பைலட் தலையைத் திருப்பி, "பெல்ட் இருக்கிறவங்க போட்டுக்குங்க, இல்லாதவங்க பக்கத்து ஆளைப் பிடிச்சுக்குங்க" என்பார். பாதுகாப்பு அறிவிப்பு அவ்வளவுதான்.

வரிசையில் நிற்க முடியாமல் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருந்தார் அண்டா. முகாமின் சமையல்காரர், உடம்பைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். சமையல்கட்டில் அவர் நுழைந்தால் மற்றவர்கள் வெளியே வந்து இடம் விட வேண்டும் என்று சொல்வார்கள். இப்போது அந்த உடம்பு இன்னும் பெருத்திருந்தது. கால் இரண்டும் செருப்புக்குள் நுழையவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று கொஞ்ச நாளாக அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். "நெஞ்சுல கோளாறு, நீர் கோத்துக்கிட்டே போகுது. இந்தத் தடவை விமானத்துல பெரியாஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்" என்று முகாமின் கம்பவுண்டர் சொல்லியிருந்தார். இதை விட்டால் மழைக்காலம். ஓடுபாதை சேறாகிவிடும், விமானம் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. வெளியூர் போகச் சாலையோ, கிடையவே கிடையாது.

அவர் மனைவியின் தம்பி பக்கத்தில் நின்றான். பம்ப் ஃபிட்டர். அறுந்த சீட் பெல்ட்டுகள் இரண்டை நைலான் கயிற்றால் சேர்த்துத் தைத்துக் கையில் வைத்திருந்தான். மாமா இடுப்பை ஒற்றை பெல்ட் சுற்றி வராது.

"அக்கா அங்க வண்டி பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கா மாமா. எறங்கினதும் நேரா ஆஸ்பத்திரிதான்."

"அதுக்கு முன்னாடி இந்தத் தகரம் எறங்கணுமே மாப்ளே. நான் வர்ற பயத்துல இப்பவே சாஞ்சு நிக்குது பாரு."

கடைசியாக அவரை ஏற்றினார்கள். முள் ஒரே ஓட்டமாக ஓடிக் கடைக்கோடியில் மோதி நின்றது. தராசுக்காரர் விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு விமானத்தின் பக்கம் திரும்பினார். அதற்குள் காலையிலேயே நாலு பேர் தூக்கிப்போய் வைத்த மோட்டார் இருந்தது. சுரங்கக் குழியில் ஊறும் நீரை இறைக்கும் பம்பின் மோட்டார். கருகிப்போயிருந்தது.

"தாங்காதுண்ணே" என்றார். "மோட்டார் போய்த்தான் ஆகணும். குழியில தண்ணி ஏறுதாம்."

"எனக்குள்ளயுந்தாம்ப்பா ஏறுது" என்றார் அண்டா. வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் பிடித்தது.

ஏழு சட்டைக்காரன்தான் முதலில் கழற்றினான். வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனான். கடைசியில் வந்த ஆள் குச்சி மாதிரி இருந்தான். "இவனுக்குள்ள இவனைத் தேடுறதே பெரும்பாடா இருக்கே" என்றார்கள். பிறகு எல்லோரும் ஆரம்பித்தார்கள். முனையில் இரும்பு வைத்த பூட்ஸ்கள் விழுந்தன. கம்பளிகள், குழந்தைக்கு வாங்கிய மரக்குதிரை, தகரப் பெட்டி, ரேடியோ. ஒருவன் தலைமுடியையும் வெட்டட்டுமா என்று கேட்டான். மீண்டும் எல்லோரையும் நிறுத்தார்கள். குவியல் இடுப்பளவு வந்தபோது தராசுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஏறட்டும்" என்றார். வெறுங்கால்களோடு குதித்தார்கள்.

அண்டா எழுந்து விமானத்தை நோக்கிப் பாதி தூரம்கூட நடந்திருக்க மாட்டார். ஜீப் வந்து நின்றது. சூப்பர்வைசர் இறங்கினார். பின்னால் மோட்டாரின் இரும்பு அடித்தட்டு கிடந்தது.

"இதையும் ஏத்துங்க. தட்டு இல்லாம ரிப்பேர் பண்ண மாட்டாங்களாம்."

"சார், எடை இப்பத்தான் சரியாச்சு" என்றார் தராசுக்காரர்.

"அப்ப ஆளைக் குறை."

பைலட் கீழே இறங்கி வந்தார். "இதுக்கு மேல கனம் ஏத்தினா ஓடுபாதை பத்தாது. போன தடவையே சக்கரத்துல மரத்து இலை சிக்கிக்கிட்டு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். மேகம் கறுத்து வந்தது.

"நான் இருந்துக்கிறேன் சார். மாமாவை அனுப்புங்க" என்றான் ஃபிட்டர்.

"மோட்டாரோட நீ போகாம? மாட்டத் தெரிஞ்சவன் நீதானேய்யா. போகலேன்னா திரும்பி முகாமுக்கே வராதே."

ஃபிட்டர் மற்றவர்களைப் பார்த்தான். அண்டா எடைக்கு இரண்டு பேர் போகாமல் நின்றால் போதும். ஒருவன் வெறுங்கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினான். ஒருவனுக்கு மகள் கல்யாணம். ஏழு சட்டைக்காரனுக்கு, பிறந்து இன்னும் முகம் பார்க்காத பிள்ளை. அவன் விமானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏறுங்கடா" என்றார் அண்டா. "மழை வந்தா ஒருத்தனும் போக முடியாது."

"மாமா, அக்கா கேட்டா என்ன சொல்ல?"

"மோட்டாரைக் காட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டும். என்னை மாதிரி சோறு கேக்காது."

அடித்தட்டை நாலு பேர் தூக்கிப்போய் அண்டாவுக்கென்று விட்டிருந்த சீட்டில் வைத்தார்கள். அது நகராமல் இருக்க வேண்டும் என்றார் பைலட். கட்டுவதற்குக் கயிறில்லை. சூப்பர்வைசர் ஃபிட்டரின் கையிலிருந்த பெல்ட்டைச் சுட்டினார். அவன் உள்ளே போய்க் குனிந்து கட்டினான். அளவு கச்சிதமாக இருந்தது. கூரை ஒழுகினால் துருப்பிடிக்குமென்று சூப்பர்வைசர் ஒரு கம்பளியையும் எடுத்துக் கொடுத்தார், கழற்றிப்போட்ட குவியலிலிருந்துதான்.

மூன்று பேர் இழுத்தார்கள், ஒருவன் உதைத்தான். கதவு சாத்திக்கொண்டது. விமானம் ஓடுபாதையின் கடைசிவரை தரையை விடாமல் ஓடி, மரங்களை உரசிக்கொண்டு ஏறியது. சத்தம் ஓயும்வரை அண்டா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் டின்னை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். தராசின் மேலேயே உட்கார்ந்தார். முள் ஓடிப்போய்க் கடைக்கோடியில் நின்றது.

மழை பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. தராசுக்காரர் தார்ப்பாயோடு ஓடி வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் எறங்குங்க. நனைஞ்சா கெட்டுப்போயிடும்."

அண்டா அவர் தோளைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றார். தராசுக்காரர் தராசை நாலு பக்கமும் இழுத்துப் போர்த்தி, முனைகளில் கல் வைத்தார். பக்கத்தில் குவிந்து கிடந்த பூட்ஸ்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிறையத் தொடங்கியது.